வலியை விட வேகமான ரம்பம்

கொஞ்சம் நீளமான திரெட் மக்களே. டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

போன வருஷம் ஒரு நாள், ஓபி முடியிற நேரம். டூவீலர்ல பின்னால உட்கார்ந்து ஒரு தம்பி வந்தார். இடது கை முழுக்கத் துண்டு சுத்தியிருந்தது, துண்டெல்லாம் ரத்தமும் மரத்தூளும். பிரித்துப் பார்த்தால் ஆள்காட்டி விரல் நுனி கிழிந்து எலும்பு தெரிகிறது. நடுவிரலில் நகத்தோடு சேர்த்து ஒரு வெட்டு.

"எதுல தம்பி?"

"மரம் அறுக்கிற மிஷின்ல சார். நானே செஞ்சது."

நானே செஞ்சது என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு பிளைவுட் பலகையில் நீளமா ஒரு ஓட்டை. கையில் பிடித்து அறுக்கும் மின் ரம்பத்தைத் தலைகீழாகத் திருப்பி அடியில் போல்ட் போட்டு முடுக்கிவிட வேண்டியது. பிளேடு மேலே எட்டிப் பார்க்கும். விரலை எடுத்தால் நிற்கிற மாதிரி கம்பெனி வைத்த சுவிட்சை டேக் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டால் டேபிள் சா ரெடி. யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு. தமிழ்நாட்டில் பாதிப் பட்டறையில் ஓடுவது இந்த வகைதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

டெட்டனஸ் ஊசி, ஆன்டிபயாடிக், கட்டு எல்லாம் போட்டு நாமக்கல்லுக்கு ரெஃபர் பண்ணினோம். ஆள்காட்டி விரலில் நுனி கொஞ்சம் குறைந்தது. மற்றபடி தப்பித்தார். ஒரு மாசம் கழிச்சு டிரஸ்ஸிங் மாற்ற வந்தபோதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"சார், புதுசா ஒரு டேபிள் சா வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்கலாம்? உங்களுக்குக் கொஞ்சம் தெரியும்னு நர்ஸ் அக்கா சொன்னாங்க."

நான் குவார்ட்டர்ஸில் ஒரு புத்தக அலமாரி செய்ய முயற்சி பண்ணிக்கொண்டிருந்த விஷயம் அதுக்குள்ள ஊர் பூரா பரவியிருக்கு. (அந்த அலமாரி இன்னிக்கும் ஆடுது. அது வேற கதை.)

டாக்டரா என் வாயில் முதலில் வந்த பதில், "வேற வேலை பாருப்பா."

அவர் கோபப்படவில்லை. "மிளகுக் கொடிக்கு வச்ச சில்வர் ஓக் ஐம்பது மரம் நிக்குது சார். மரமா வித்தா வியாபாரி சொல்றதுதான் விலை. பலகையாக்கி ஜன்னல் சட்டம், பெஞ்ச்னு செஞ்சா நாலு காசு பார்க்கலாம். வேற வேலைன்னா திருப்பூர்தான்."

அந்தப் பதில் அன்னிக்கு ராத்திரி என்னைத் தூங்க விடல. அப்புறம் படிக்க ஆரம்பித்தேன். ஒரு விரல் நுனியில் ஆரம்பித்தது 250 வருஷம் பின்னால் போய் நின்றது. அதுதான் இந்த திரெட்.

வட்ட ரம்பத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு பெண் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றும். அமெரிக்காவில் ஷேக்கர் சபையைச் சேர்ந்த டபிதா பாபிட் நூல் நூற்றுக்கொண்டிருந்தாராம். வெளியே ரெண்டு பேர் நீள ரம்பத்தை இழுத்து மரம் அறுக்கிறார்கள். ஒரு பக்கம் இழுக்கும்போதுதான் அறுக்கிறது, மறுபக்கம் வீண். உடனே ராட்டைச் சக்கரத்தில் பல் வைத்துப் பார்த்தாராம். வருஷம் 1813. அழகான கதைதான். ஆனால் 1777-லேயே இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் சாமுவேல் மில்லர் என்பவர் வாங்கிய காப்புரிமையில் வட்ட ரம்பம் இருக்கிறது. அதே ஊரில் வால்டர் டெய்லர் என்பவரின் குடும்பம், கடற்படைக் கப்பல்களுக்குக் கப்பி செய்ய வட்ட ரம்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தது.

கப்பி என்றால் கிணத்துல தண்ணி சேந்துற அதே கப்பிதான். பாய்மரக் கப்பலில் ஒவ்வொரு கயிறும் ஒரு கப்பி வழியா ஓடணும். ஒரு பெரிய போர்க்கப்பலுக்கு ஆயிரம் கப்பி வரைக்கும் தேவை. நெப்போலியனோடு சண்டை. கப்பலும் வேணும், கப்பியும் வேணும்.

இங்கேதான் கதை சூடு பிடிக்குது. சாமுவேல் பெந்தம் என்று ஒரு கடற்படைப் பொறியாளர். தத்துவஞானி ஜெரமி பெந்தமின் தம்பி. அண்ணன் ஒரு புது மாதிரி ஜெயிலைக் கனவு கண்டுகொண்டிருந்தார். அந்த ஜெயிலில் கைதிகளை வேலை வாங்கணும். ஆனா கைதிக்குத் தச்சு தெரியாதே? தெரியாதவனும் செய்கிற மாதிரி இயந்திரம் இருந்தால் போதும் என்று தம்பி உட்கார்ந்து மரவேலை இயந்திரங்களாக யோசித்தார். 1793-ல் அதற்கு ஒரு நீண்ட காப்புரிமையும் வாங்கினார். ஜெயில் கட்டப்படவில்லை. யோசனை மட்டும் போர்ட்ஸ்மத் கப்பல் தளத்துக்குப் போனது. 1803 வாக்கில் மார்க் இசம்பார்ட் புருனல் வடிவமைக்க, ஹென்றி மாட்ஸ்லி செய்துகொடுக்க, வட்ட ரம்பம் உள்பட வரிசையாக இயந்திரங்கள் நின்றன. 1808-ல் அங்கிருந்து வருஷத்துக்கு 1,30,000 கப்பிகள் வெளியே வந்தன. முன்பு 110 கைதேர்ந்த தொழிலாளிகள் செய்த வேலையை, தொழில் தெரியாத 10 பேர் செய்தார்கள் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். "தொழில் தெரியாத 10 பேர்." அதாவது இந்த மிஷின் பிறந்ததே கத்துக்குட்டிக்காக. உளியும் இழைப்புளியும் பிடிக்கப் பத்து வருஷம் ஆகும். வட்ட ரம்பத்தில் பலகையைத் தள்ளப் பத்து நிமிஷம் போதும். பலகை நேரா அறுபடும். ஆனா அந்தப் பத்து வருஷத்தில் ஆசாரி கூடவே கத்துக்கிறது ஒண்ணு இருக்கு. மரம் எங்கே முறுக்கும், கணு எங்கே இருக்கு, எப்போ கையை எடுக்கணும்ங்கிறது. அதை எந்த இயந்திரமும் சேர்த்துக் கொடுக்கவில்லை.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். பத்து அங்குல பிளேடு, நிமிடத்துக்கு 4,500 சுற்று. பல் முனையின் வேகம் நொடிக்கு சுமார் 60 மீட்டர். மணிக்கு 215 கிலோமீட்டர்.

இப்போ உடம்புக்கு வாங்க. கூர்மையான வலியைக் கொண்டுபோகிற ஏ-டெல்டா நரம்பு இழைகளில் செய்தி போகிற வேகம் நொடிக்கு 5 முதல் 30 மீட்டர். விண் விண்ணென்று தெறிக்கிற மந்த வலியைக் கொண்டுபோகிற சி இழைகளில் நொடிக்கு 2 மீட்டர்கூட தேறாது. முதல் வருஷ ஃபிசியாலஜியில் மனப்பாடம் பண்ணின எண்கள்தான். இதை ஒரு பிளேடுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

வலியை விட ரம்பம் வேகமானது. பார்த்து, உணர்ந்து, கையை இழுக்க நமக்கு ஆகிற நேரம் தோராயமா ஒரு நொடியில் அஞ்சில் ஒரு பங்கு. அதுக்குள்ள பிளேடு 15 சுத்து சுத்தியிருக்கும். 40 பல் பிளேடு என்றால் 600 பல் அந்த இடத்தைக் கடந்திருக்கும். சூடான பாத்திரத்தைத் தொட்டுட்டுக் கையை உதறுற மாதிரி இங்கே உதற முடியாது. "வலிக்கவே இல்ல சார், சட்டையில ரத்தத்தைப் பார்த்துதான் தெரிஞ்சது" என்று சொல்பவர்களை எல்லாக் கேஷுவாலிட்டி டாக்டரும் பார்த்திருப்பார்கள். அவங்க பொய் சொல்லல.

இன்னொண்ணு. பலரும் நினைக்கிற மாதிரி, விரல் தானாகப் போய் பிளேடில் விழுவது மட்டும் இல்லை விபத்து. டேபிள் சாவில் நம்ம பக்கம் இருக்கிற பல் கீழ்நோக்கி இறங்கும், பின்பக்கப் பல் மேல்நோக்கி ஏறும். அறுபட்ட மரம் உள்ளே இருக்கிற இறுக்கம் விடுபட்டுச் சேர்ந்து மூடிக்கொண்டால் பின்பக்கப் பல்லைக் கவ்விப் பிடிக்கும். அந்தப் பல் பலகையைத் தூக்கி நம் வயிற்றை நோக்கி எறியும். பட்டறையில் "மரம் எத்திருச்சு" என்பார்கள். பலகை போன வேகத்தில், அதன் மேல் வைத்திருந்த கையும் கூடவே போகும். எங்கே? பிளேடு மேலேதான். நம்ம தம்பிக்கு நடந்தது இதுதான். ஈரம் காயாத சில்வர் ஓக், பாதி அறுபட்டதும் மூடிக்கொண்டது.

இதுக்கு மருந்து இருக்கா? இருக்கு. ரொம்பப் பழைய மருந்து. பிளேடுக்குப் பின்னால், பிளேடின் வளைவை ஒட்டியே ஒரு தகடு நிற்கும். பேரு ரைவிங் நைஃப். கத்தின்னு பேரே தவிர அது எதையும் வெட்டாது. அறுபட்ட வாய் மூடாமல் குறுக்கே நிற்கும், அவ்வளவுதான். பிரிட்டன் 1922-ல் கொண்டுவந்த மரவேலை இயந்திர விதிகளிலேயே வட்ட ரம்பத்துக்கு ரைவிங் நைஃப் வேணும், மேலே காவல் மூடி வேணும், தள்ளுகுச்சி வேணும் என்று எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் டேபிள் சாவுக்கான தரநிலைக்குள் ரைவிங் நைஃப் வந்து சேர 2000-களின் பிற்பகுதி ஆயிடுச்சு. ஒரு தகடு அட்லாண்டிக்கைத் தாண்ட எண்பது வருஷத்துக்கு மேல!

நாம என்ன பண்ணினோம்? நம்மகிட்ட சட்டம் இருக்கு. 1948 தொழிற்சாலைச் சட்டம், இயந்திரத்துக்கு வேலி போடணும் என்றது. ஆபத்தான இயந்திரத்தில் இளவயதுக்காரரை விடுவதென்றால் ஆபத்தைச் சொல்லிக்கொடுத்து, பயிற்சி கொடுத்த பிறகுதான் விடணும் என்றது. ஆனா அது தொழிற்சாலைக்கு. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேராவது வேலை பார்த்தால்தான் அந்தச் சட்டப்படி அது தொழிற்சாலையாக இருந்தது. 2020-ல் வந்த புதிய சட்டத் தொகுப்பு அந்த 10-ஐ 20 ஆக்கியது. சேந்தமங்கலம் ரோட்டில் அப்பாவும் மகனும் நடத்துகிற பட்டறை எந்தக் கணக்கிலும் வராது. அங்கே இன்ஸ்பெக்டர் வரமாட்டார். காயம் பட்டால் எங்க ஓபிக்குத்தான் வருவாங்க.

அந்தத் தலைகீழ் மிஷினுக்கும் ஒரு பூர்வீகம் இருக்கு. கரும்பு வெட்டும் கத்தியில் மோட்டார் வைத்துப் பார்த்த எட்மண்ட் மிஷெல் என்பவர், 1924 வாக்கில் கையில் பிடிக்கும் மின் வட்ட ரம்பத்தைக் கொண்டுவந்தார். அந்த வகை ரம்பத்தில் காவல் மூடி கீழ்ப்பக்கம் தானாக மூடிக்கொள்ளும், சுவிட்சை விட்டால் மோட்டார் ஆஃப். அது இருக்கவேண்டிய நிலையில் இருக்கிறவரை பரவாயில்லை. தலைகீழாக்கி டேக் போட்டதும் அந்த ரெண்டு காவலும் போச்சு.

இந்த இடத்தில் நம்ம மலைக்கே திரும்பணும். ஏன்னா இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் பிறந்தது இங்கேதான்.

பால் பிராண்ட். 1914 ஜூலை 17, கொல்லிமலை. பெற்றோர் ஜெஸ்ஸியும் ஈவ்லினும் மிஷனரிகள், வாழவந்தி நாட்டில் குடியிருந்தவர்கள். ஜெஸ்ஸி கட்டட வேலை, மரவேலை தெரிந்தவர். இங்கே வீட்டையே தன் மேற்பார்வையில் எழுப்பியவர். 1929-ல் இந்த மலையிலேயே கருநீர்க் காய்ச்சலில் இறந்துபோனார். ஒன்பது வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட பால், பள்ளி முடித்ததும் டாக்டருக்குப் படிக்கவில்லை. சில வருஷம் தச்சு வேலை, கொத்து வேலை கத்துக்கிட்டார். மருத்துவம் அதுக்கப்புறம்தான்.

1946-ல் வேலூர் சிஎம்சிக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் ராபர்ட் காக்ரேன் என்ற நிபுணர் மடங்கிப்போன, குட்டையாகிப்போன விரல்களை வரிசையாகக் காட்டினார். நோய் விரலைத் தின்னுடும் என்பதுதான் அன்னிக்கு எல்லோரும் நம்பியது. பிராண்ட் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். துருப்பிடித்த ஒரு பூட்டு, அவரால் சாவியைத் திருப்ப முடியவில்லை. பத்து வயசுப் பையன், தொழுநோயாளி, வாங்கித் திருப்பினான். பூட்டு திறந்தது. பையன் விரலைப் பார்த்தால் சாவி எலும்பு வரைக்கும் வெட்டியிருக்கு. அவனுக்குத் தெரியவே இல்லை.

அங்கிருந்து பிராண்ட் பிடித்துக்கொண்டார். விரலைத் தின்பது நோய் இல்லை. வலி தெரியாத கை தன்னையே அழித்துக்கொள்கிறது. 1948-ல் வேலூரில் தசைநாண்களை மாற்றிப் பொருத்தி மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார். கை நிமிர்ந்தவன் எங்கே போவான், யார் வேலை கொடுப்பா? 1951-ல் அவர்களுக்காக ஒரு புதுவாழ்வு மையம். அங்கே என்ன கத்துக்கொடுத்தார் தெரியுமா? தச்சு வேலை. மரப் பொம்மை செய்து விற்றார்கள். உணர்ச்சியில்லாத கையில் உளியும் ரம்பமும் சுத்தியலும்! இன்னிக்கு எந்தக் கமிட்டியும் அனுமதி கொடுக்காது.

அவர் செய்தது வேறு மாதிரி. ஒவ்வொரு காயத்துக்கும் ஒரு காரணம் இருந்தே ஆகணும் என்று வைத்துக்கொண்டார். இந்தக் கொப்புளம் எதனால் வந்தது? சுத்தியல் பிடியில் ஒரு சிலாம்பு. இது? சூடான டம்ளர். ராத்திரியில் விரல் குறைந்தது? எலி கடித்திருக்கு. அதுக்குப் பூனை வளர்த்தார்கள். துப்பறிகிற மாதிரி ஒவ்வொண்ணா கண்டுபிடித்து அடைத்தார்கள். ஒரு தச்சன் டாக்டரானதால் வந்த புத்தி அது என்று நான் நம்புகிறேன். எங்களை மாதிரி நேரா டாக்டராகிறவங்க காயத்தைத்தான் பார்ப்போம், சுத்தியலைப் பார்க்கமாட்டோம். நான் அந்தத் தம்பியிடம் முதல் நாள் கேட்ட கேள்வி "எதுல?" என்பது மட்டும். "எப்படி?" என்று கேட்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு.

பிராண்டின் தோல்வி ஒன்று இன்னும் முக்கியம். 1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே செயற்கை வலியைச் செய்து பார்த்தார்கள். கையுறையில் அழுத்த உணரிகள், அழுத்தம் எல்லை மீறினால் காதில் சத்தம். நோயாளிகள் கண்டுகொள்ளவில்லை. விளக்கு எரிய வைத்தார்கள், அதுவும் வேலைக்காகவில்லை. கடைசியில் உணர்ச்சி மிச்சமிருக்கும் அக்குளில் மின்சார ஷாக். ஷாக் வேலை செய்தது. ஆனா அவசரமா ஒரு போல்ட்டைத் திருகணும் என்றால் ஷாக்கை ஆஃப் பண்ணிட்டு, திருகிட்டு, திரும்ப ஆன் பண்ணிக்கொண்டார்கள். திட்டத்தைக் கைவிட்டார்கள். வலி என்பது நாம் ஆஃப் பண்ண முடியாத இடத்தில் இருந்தால்தான் வலி என்று 1993-ல் வலியைப் பற்றி எழுதிய புத்தகத்தில் ஒத்துக்கொள்கிறார்.

டேக் போட்ட சுவிட்ச் ஞாபகம் வருதா? கழற்றி மூலையில் போட்ட காவல் மூடி?

பிராண்ட் விட்ட இடத்தில், அவரைப் பற்றித் தெரிந்தோ தெரியாமலோ, இன்னொருத்தர் தொடங்கினார். ஸ்டீவ் காஸ், அமெரிக்கர், இயற்பியல் படித்த காப்புரிமை வக்கீல், பொழுதுபோக்குத் தச்சர். 1999-ல் அவருக்கு வந்த யோசனை இது. பிளேடில் ஒரு சின்ன மின் சிக்னலை ஓடவிடு. மரம் அதை உறிஞ்சாது, மனித உடம்பு உறிஞ்சும். சிக்னல் குறைந்த உடனே ஒரு அலுமினியக் கட்டை சுழலும் பிளேடுக்குள் பாய்ந்து அதை நிறுத்திவிடும். விரலுக்குப் பதில் சாசேஜ் வைத்து அறுத்துக் காட்டினார். அப்புறம் தன் விரலையே வைத்தார். சின்னக் கீறல்தான். நிற்க ஆகும் நேரம் 5 மில்லிசெகண்ட். 600 பல் என்று மேலே சொன்னேனே, இதில் 15 பல்கூட கடக்காது.

மிஷினுக்கு ஒரு தோல், ஒரு அனிச்சைச் செயல். மூளையைக் கேட்காமல் தண்டுவடமே கையை இழுக்கிற மாதிரி. பெரிய கம்பெனிகள் வாங்க மறுத்தன. 2004-ல் சாஸ்டாப் என்ற பெயரில் அவரே விற்க ஆரம்பித்தார். பிறகு போட்டிக்கு வந்த ஒரு மிஷினைக் காப்புரிமை வழக்குப் போட்டு அமெரிக்கச் சந்தையிலிருந்து வெளியேற்றியதும் அதே சாஸ்டாப்தான். அந்த விஷயத்தில் எனக்கு அவர் மேல் கோபம் உண்டு. அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்கு 30,000-க்கு மேற்பட்டவர்கள் டேபிள் சா காயத்தோடு ஆஸ்பத்திரிக்கு வருவதாக அரசு மதிப்பீடு. பாதுகாப்பைப் பூட்டி வைத்தால் யார் விரல் போகுது?

சரி, நம்ம தம்பிக்கு சாஸ்டாப் சொல்லலாமா? விலை ஒரு பக்கம். ஒருமுறை வேலை செய்தால் பிளேடும் போச்சு, அந்த பிரேக் கட்டையும் போச்சு, புதுசு வாங்கணும். அதைவிட, ரொம்ப ஈரமான மரத்தைப் பட்டாலே விரல்னு நினைச்சு நின்றுவிடும். கொல்லிமலை ஈர சில்வர் ஓக் அதுக்குச் சரிப்படாது.

நடுவுல ஒரு அவசரக் குறிப்பு, சேமித்து வையுங்கள். விரல் துண்டாகிவிட்டால், துண்டைத் தேடி எடுங்க. சலைனில், இல்லாவிட்டால் சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுத்தி, தண்ணி புகாத பாலிதீன் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் போட்ட இன்னொரு பையில் வையுங்க. ஐஸில் நேரடியாகப் போடாதீங்க, திசு உறைந்து செத்துவிடும். விரலில் தசை கிடையாது. அதனால் குளிரில் பல மணி நேரம் தாங்கும். 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலமோ கோவையோ போகக்கூட நேரம் இருக்கு. கை முழுசாப் போனால் அவ்வளவு நேரம் இல்லை.

ஒட்டவைக்கிற வித்தையும் பழசில்லை. 1962-ல் பாஸ்டனில் ரொனால்ட் மால்ட் ஒரு சிறுவனின் கையை ஒட்டினார். 1963-ல் ஷாங்காயில் சென் ஜோங்வெய் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் கையை. 1965-ல் ஜப்பானில் கோமாட்சுவும் தமாயும் மைக்ராஸ்கோப் வைத்து முழுசாத் துண்டான கட்டைவிரலை. நம்ம பக்கம், சென்னை ஸ்டான்லியில் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி கை அறுவைக்கென்றே ஒரு துறையை வளர்த்தெடுத்தார். கோவையில் ராஜா சபாபதியின் குழுவிடம் வெளிநாட்டு டாக்டர்கள் வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள். அதெல்லாம் பெருமை. ஆனாலும் ஒட்டின விரல் பழைய விரல் ஆகாது.

இனி தம்பிக்கு நான் சொன்ன பதில்.

முதல்ல ரைவிங் நைஃப். பிளேடோடு சேர்ந்து ஏறி இறங்கணும். அது இல்லாத மிஷின் எவ்வளவு சல்லிசா வந்தாலும் வேண்டாம். அடுத்தது ஃபென்ஸ், அதாவது பலகை ஒட்டிப் போகிற பக்கச் சட்டம். பிளேடுக்கு இணையா நிக்குதா, பூட்டினா அசையாம இருக்கான்னு கடையிலேயே அளந்து பார். கோணலா இருந்தா அதுவே மரத்தை எத்தும். மூணாவது, நம்ம ஊருக்குன்னே ஒண்ணு இருக்கு. சுவிட்ச். கரண்ட் போய் வந்தா தானா ஓட ஆரம்பிக்காத சுவிட்சா இருக்கணும். மலையில காத்தடிச்சாலே கரண்ட் போகும். இருட்டுல பிளேடு மேல கிடக்கிற துண்டை எடுக்கப் போவ, அப்போ கரண்ட் வரும். குதிரைத்திறன், பிராண்ட் பேரெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.

கத்துக்கிறதுக்கு என்னை நம்ப வேண்டாம் என்று, அடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் ரெண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் போனோம். நாப்பது வருஷம் ரம்பத்தில் நின்றவர், பத்து விரலும் இருக்கு. அதுவே பெரிய சர்டிஃபிகேட். முதல் நாள் மிஷினை ஆன் பண்ணவே விடல.

"ஏனுங்க டாக்டரே, மொதல்ல மரத்தப் பாருங்க. வளஞ்ச பக்கத்த சட்டத்துல ஒட்டி வெச்சா அது ஆடுமுங்க. நேரான பக்கம் இழைச்சு எடுத்துட்டுத்தான் மிஷினுகிட்டயே போவோணும்."

பிளேடை மரத்துக்கு மேல ஒரு பல் உயரம் தெரியிற அளவுக்கு மட்டும் ஏத்தச் சொன்னார். பிளேடுக்கு நேர் பின்னால நிக்கக் கூடாது, இடது பக்கம் தள்ளி நிக்கணும். கையால வெறுமனே பிடிச்சு அறுக்கவே கூடாது, ஒண்ணு பக்கச் சட்டம், இல்லன்னா குறுக்கே அறுக்கிற கோணச் சட்டம். ரெண்டையும் ஒரே நேரத்துல வெச்சாலும் சிக்கிக்கும். ஒரு சாண் அகலத்துக்குக் குறைஞ்சா தள்ளுகுச்சி. நான் ஆர்வக்கோளாறில் கையுறை மாட்டினேன். பிடுங்கிப் போட்டார். விரலைத் தொட்டா விரல் போகும், கையுறை சிக்கினா கையையே உள்ள இழுக்கும் என்றார். தொங்குற சட்டைக் கை, கழுத்துத் துண்டு, மோதிரம் எல்லாத்துக்கும் அதே நியாயம். தூசி பற்றி அவருக்கு அக்கறை இல்லை, எனக்கு இருக்கு, மரத்தூசி மூக்கில் புற்றுநோய் வரவழைக்கும் என்பது நிரூபணமான விஷயம். அது தனித் திரெட்.

ஒண்ணு கவனித்தேன். தம்பியின் ஆள்காட்டி விரல் நுனியில் இன்னும் உணர்ச்சி சரியா வரல. பலகையைத் தள்ளும்போது அந்த விரலை அடிக்கடி கண்ணால் பார்த்துக்கொண்டார். வேலூர் பட்டறையில் பிராண்ட் தன் நோயாளிகளுக்குக் கத்துக்கொடுத்ததும் இதைத்தான். உணராத விரலைக் கண்ணால் பார்த்துக்கொள்.

மிஷின் வந்தது இந்த வருஷம் தை மாசம். பிக்கப் வண்டியில் காரவள்ளியிலிருந்து 70 வளைவும் ஏறி வந்தது. பெட்டியைத் திறந்தால் ரைவிங் நைஃபும் காவல் மூடியும் தனிக் கவரில், பிரிக்காமல் அடியில் கிடந்தன. கடைக்காரர் "அதெல்லாம் தேவையில்ல, மாட்டினா வேலை ஓடாது"ன்னு சொல்லித்தான் அனுப்பினாராம். தம்பி அதை முதலில் மாட்டினார். அப்புறம்தான் ஒயரைப் பிரித்தார்.

முதல் பலகை, ஆறு மாசம் நிழலில் காய்ந்த சில்வர் ஓக். பாதி போயிருக்கும், கரண்ட் போயிடுச்சு. பிளேடு சுத்திச் சுத்தி அடங்கியது. அவர் பலகையை அசைக்காமல் பிடித்துக்கொண்டு காலால் பிளக்கை இழுத்துவிடும்படி தங்கச்சியிடம் சொன்னார். பலகையை எடுத்து ஓரமாகச் சாய்த்தார். பதினஞ்சு நிமிஷம் திண்ணையில் உட்கார்ந்து டீ குடித்தோம். கரண்ட் வந்தது. பிளக்கைச் சொருகினார், மிஷின் சத்தம் போடாமல் அப்படியே நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து, தள்ளுகுச்சியைத் தேடி எடுத்துக்கொண்டு பச்சை பட்டனை அமுக்கினார்.